சங்கிலி தந்தது யார்?

சேசு மரி சூசை

ஈஸ்ட் ஹாம், லண்டன்
6.12.1992

அன்புள்ள தங்கச்சி மெற்றில்டாவுக்கு,

மாதாவின் புண்ணியத்தில் நானும் உன் மச்சாள் மேரிறோஸும் ஆளுக்கொரு தடிமனையும் தும்மலையும் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். உன் கால் வீக்கம் வற்றியதா? மச்சானும் பிள்ளைகளும் எப்படி? போனில் கேட்கலாம்தான். ஆனால் நீயும் நானும் என்றைக்காவது சுருக்கமாகப் பேசி முடித்திருக்கிறோமா?

மகள் கத்தரின் சனி ஞாயிறுகளில் உன் வீட்டுக்கு வந்து சோறு சாப்பிடுகிறாள் என்று அறிந்து மச்சாளுக்கு நிம்மதி. எண்ணூறு மீற்றர் ஓடுவதற்காக அமெரிக்காவில் ஒரு கல்லூரி அவளுடைய படிப்பு, சாப்பாடு, அறை எல்லாவற்றையும் பொறுப்பெடுத்திருக்கிறது என்று நான் சொன்னபோது, பெற்றோல் ஷெட்டில் என்னோடு வேலை செய்கிறவன், "அண்ணை, ஓடுறதுக்குப் படிப்பிக்கிற நாடும் இருக்கோ?" என்று வாயைப் பிளந்தான். அந்தப் புலமைப்பரிசில் இல்லாவிட்டால் ஒரு தவணைகூட அவளை அங்கே வைத்திருக்க எனக்கு வழியில்லை என்பது உனக்குத் தெரியும்.

இப்போது ஒரு புதினச் செய்தி. ஹை ஸ்ட்ரீட்டில் நகைக்கடை வைத்திருக்கும் பத்மநாதனை உனக்குச் சொல்லியிருக்கிறேன். கோடையில் நடந்த தமிழர் விளையாட்டுப் போட்டியில் கத்தரின் முதலாவதாக வந்தபோது, மேடைக்கு ஏறி அவளுக்குப் பவுண் சங்கிலி போட்டவர். அந்தப் படத்தைத்தான் 93ஆம் ஆண்டுக் கலண்டரில் போட்டிருக்கிறார். வழக்கமாக லட்சுமி நிற்கிற இடத்தில் இம்முறை எங்கள் கத்தரின், கையில்லாத பெனியனும் கழுத்தில் சங்கிலியுமாக. கீழே 'வெற்றிக்கு அழகு பத்மா நகைமாடம்' என்று பெரிய எழுத்து. பாதர்கூட ஒன்று வாங்கினார். திருநாட்கள் சரியாகப் போட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்.

கத்தரினின் கோச் அம்மாவுக்கும் நத்தார் பரிசாக ஒரு கலண்டர் அனுப்பியிருக்கிறேன். நாங்களும் சும்மா ஆட்கள் இல்லை என்று அவவும் அறியட்டும்.

அன்பு அண்ணன்
றெஜினோல்ட்

*

ஒஹாயோ
19.1.1993

அன்புள்ள அண்ணைக்கு,

கால் வீக்கம் வற்றிவிட்டது. இப்போது தலைதான் வீங்கியிருக்கிறது, உங்கள் கலண்டரால். மச்சாளின் தடிமனுக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடுங்கள்.

அண்ணை, நான் சொல்லப்போவது எனக்கே முழுதாக விளங்கவில்லை. விளங்கியமட்டும் எழுதுகிறேன். கோச் கலண்டரைக் கண்டு சந்தோஷப்பட்டுத் தன் அறைச் சுவரில் மாட்டியிருக்கிறா. சில நாட்களில் கல்லூரியின் சட்டத்தரணி அம்மா அந்தப் பக்கம் போனவ. கலண்டரைப் பார்த்தா, கழுத்தைப் பார்த்தா, கீழே எழுதியிருப்பது என்ன மொழி என்று கேட்டா. அன்றிலிருந்து கத்தரின் பயிற்சிக்குப் போகலாம், போட்டியில் ஓடக்கூடாது.

இங்கே கல்லூரிக்காக ஓடுகிற பிள்ளைகள் தங்கள் ஓட்டத்தால் ஒரு சதமும் உழைக்கக்கூடாதாம். கடைக்கு விளம்பரத்துக்கு நிற்கக்கூடாது. அதற்குக் கூலியாக எதையாவது வாங்கினால் தொழில்காரி ஆகிவிடுவாளாம். தொழில்காரிக்குப் புலமைப்பரிசில் இல்லையாம்.

படத்தை மன்னிக்கலாம், கடைக்காரர் கேளாமல் போட்டிருப்பார் என்கிறார்கள். சங்கிலிதான் பிரச்சினை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தாற்போல ஆகிவிட்டதே, அண்ணை! யார் உங்களை அனுப்பச் சொன்னது?

கத்தரின் ஞாயிற்றுக்கிழமை வந்தாள். "மாமி, அப்பாவுக்கு எழுத வேண்டாம், கவலைப்படுவார்" என்றாள். நான் எழுதிவிட்டேன்.

உங்கள் தங்கச்சி
மெற்றில்டா

*

ஈஸ்ட் ஹாம்
30.1.1993

அன்புள்ள மெற்றில்டாவுக்கு,

தடிமன் போய்விட்டது. கோபம் வந்திருக்கிறது. மற்றப்படி சுகம். நீயும் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தை மேரிறோஸுக்கு வாசித்துக் காட்டினேன். அவ கேட்டா, "அப்ப எங்கட பிள்ளை என்ன களவே எடுத்தவள்?"

போன மாதம் கத்தரின் எங்களுக்கு அனுப்பிய கல்லூரிப் புத்தகம் ஒன்று என் முன்னால் கிடக்கிறது. ஓட்டப் போட்டிகளுக்கு ரிக்கற் வாங்குகிறவர்களுக்கு விற்கிற புத்தகமாம். நடுப்பக்கம் முழுவதும் எங்கள் மகளின் முகம். அவளுடைய காலடியில் ஒரு சோடாக் கொம்பனியின் பெயர். அந்தச் சோடாக்காரன் கல்லூரிக்கு எவ்வளவு கொடுத்தானோ, அவளுக்கு ஒரு போத்தல் சோடாவாவது வாங்கிக் கொடுத்தானா? மருமகள் உடைத்தால் பொன்குடம், மாமியார் உடைத்தால் மண்குடம். இதுதானா அமெரிக்கச் சட்டம்?

பத்மநாதன் போட்டது கூலி அல்ல. எங்கள் சனத்தில் ஒருவர் முன்னுக்கு வந்தால் கடைக்காரர் சால்வை போடுவார், சங்கிலி போடுவார், படத்தைக் கலண்டரில் போடுவார். அதற்குப் பெயர் மரியாதை. மரியாதையை வாங்க மறுத்தால்தான் எங்களில் குற்றம். இதை அந்தச் சட்டத்தரணிக்கு நீ எடுத்துச் சொல்லேலாதா? உனக்குத்தானே இங்கிலீஷ் நல்லாக வரும்.

அண்ணன்
றெஜினோல்ட்

*

ஒஹாயோ
11.2.1993

அன்புள்ள அண்ணைக்கு,

இங்கே முழங்காலளவு பனி. ஆஸ்பத்திரியில் இரட்டை ஷிப்ட். உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் பிரஷரைச் சோதித்தீர்களா?

நானே அந்தச் சட்டத்தரணி அம்மாவைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனுசி. தேநீர் தந்தா. 'மரியாதை' என்றதை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். "விளங்குகிறது, ஆனால் அதற்கு விதியில் இடமில்லை" என்றா.

கேட்கக் கேட்கத் தலை சுற்றுகிறது அண்ணை. இங்கே காசு கொண்டுவருவது ஆண்பிள்ளைகளின் பந்தாட்டம். அதன் கோச்சுக்குக் கல்லூரித் தலைவரைவிடப் பெரிய சம்பளம். ரீவிக்காரர் கொட்டுகிறார்கள். விளையாடுகிற பொடியன்களுக்கு ஒன்றும் கிடையாது. பெண்பிள்ளைகளின் ஓட்டத்தால் கல்லூரிக்கு நட்டம்தான். ஆனாலும் ஆணுக்குக் கொடுக்கிற இடம் பெண்ணுக்கும் கொடுக்க வேண்டும் என்று ஒரு சட்டம் இருக்கிறதாம். யாரோ சில பெண்பிள்ளைகள் வழக்குக்குப் போனதைப் பார்த்துப் பயந்துதான் இந்தக் கல்லூரி ஓட்டக்காரிகளை வெளிநாட்டிலும் தேடியிருக்கிறது. எங்கள் கத்தரினுக்குக் கதவைத் திறந்ததும் சட்டம், இப்போது சாத்துவதும் சட்டம்.

"இதெல்லாம் நெடுநாள் நிலைக்காது" என்றும் சொன்னா அந்த அம்மா. ஒருநாள் நீதிமன்றம் தலையிடும், பிள்ளைகள் தங்கள் முகத்தைத் தாங்களே விற்கலாம், சம்பளம்கூட வாங்கலாம், அப்போது கல்லூரிகள் எப்படிச் சமாளிக்குமோ தெரியாது என்றா. "ஆனால் நான் இன்றைக்குள்ள விதியைத்தான் பார்க்கவேண்டும்."

ஒன்று மட்டும் தெளிவாகச் சொன்னா. குடும்பத்தவர் கொடுத்த சங்கிலி என்றால் விதி தலையிடாதாம். அதைக் கேட்டபோது எனக்குப் பெருமூச்சுத்தான் வந்தது. கத்தரினிடம் வாக்குமூலம் எடுப்பார்கள். அதுவரை நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். தயவுசெய்து.

அன்புடன்
மெற்றில்டா

*

ஈஸ்ட் ஹாம்
20.2.1993

அன்புள்ள மெற்றில்டாவுக்கு,

உன் கடிதம் நல்ல மருந்து. பிரஷர்கூட இறங்கியிருக்கும். மச்சாளும் சுகம். பனியில் கவனமாகக் கார் ஓட்டு.

காரியம் முடிந்தது! குடும்பத்தவர் கொடுத்தால் பிழையில்லை என்று எழுதியிருந்தாய் அல்லவா? வாசித்த அன்றே மோர்டனுக்கு ரெயில் எடுத்துச் சவிரிமுத்துவிடம் போனேன். ஞானஸ்நானத்தில் கத்தரினைக் கையேந்திய ஞானத்தகப்பனைவிடக் கிட்டின குடும்பம் யார்? கோயிலில் அவளுடைய உறுதிபூசுதல் சடங்குக்கு அவன் ஒரு சங்கிலி போட வேண்டியிருந்தது. நாட்டுப் பிரச்சினையில் ஊரைவிட்டு ஓடிவந்த அவசரத்தில் அது தவறிப்போனது. போடவேண்டிய சங்கிலிதானே, அதைப் போட்டதாக எழுதினால் வானம் இடிந்து விழாது.

சவிரிமுத்து கொஞ்சம் இழுத்தான். "றெஜி, சத்தியம் பண்ணியெல்லோ எழுதவேணும்?" என்றான். "உனக்கு ஞானமகள் பெரிசோ, நகைக்கடை பெரிசோ?" என்று கேட்டேன். சொலிசிற்றருக்கு முன்னால் சத்தியக் கடதாசி முடித்து அவன் ஒப்பமிட்டான். நானும் தகப்பன் என்று என் பங்குக்கு எழுதி ஒப்பமிட்டேன். சங்கிலி ஞானத்தகப்பன் போட்டது, பத்மநாதன் மேடையில் எடுத்துக் கொடுத்தது மட்டும்தான் என்று எழுதியிருக்கிறோம். நேராகக் கல்லூரிக்கே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

கத்தரினுக்குச் சொல்லு, அப்பா இருக்கும்போது பயமில்லை என்று.

அண்ணன்
றெஜினோல்ட்

*

ஒஹாயோ
3.3.1993

அண்ணைக்கு,

எல்லோரும் சுகம்.

ஒன்றும் செய்யவேண்டாம் என்று எழுதினேன். என்ன வேலை செய்து வைத்திருக்கிறீர்கள்? பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்துவிட்டது.

உங்கள் கடதாசி வருவதற்கு இரண்டு கிழமை முந்தியே கத்தரின் வாக்குமூலம் கொடுத்துவிட்டாள். சங்கிலி நகைக்கடைக்காரர் போட்டது, படத்தைப் பற்றித் தன்னிடம் யாரும் கேட்கவில்லை என்று தன் கைப்பட எழுதியிருக்கிறாள். சங்கிலியின் பெறுமதியை ஏதாவது தர்மத்துக்குக் கொடுத்தால் ஏப்ரலில் ஓடலாம் என்ற அளவுக்குக் காரியம் வந்திருந்தது. அந்த நேரத்தில் முத்திரை குத்திய உங்கள் கடதாசி போய் இறங்கியது.

சட்டத்தரணி அம்மா இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டிருக்கிறா, எது உண்மை என்று. உங்களுடையதுதான் உண்மை என்றால் அவள் பொய்க்காரி. கடைக்காரரை விசாரிப்பார்கள், பிடிபட்டால் இனிமேல் எந்தக் கல்லூரிக்கும் ஓட முடியாது. தன்னுடையதுதான் உண்மை என்றால் ஓடலாம். ஒன்றும் சொல்லாவிட்டால் இந்த வருடத்தோடு புலமைப்பரிசில் நின்றுவிடும். யோசித்துச் சொல்ல அவளுக்குத் தவணை கொடுத்திருக்கிறார்கள்.

இங்கே வந்து குசினியில் நின்று அழுதாள். "மாமி, என்ர அப்பா பொய் சொன்னவர் எண்டு நான் எப்பிடி வாயால சொல்லுறது?" இதற்குப் பதில் உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

மெற்றில்டா

*

ஈஸ்ட் ஹாம்
11.3.1993

மெற்றில்டாவுக்கு,

சுகம். நீங்களும் சுகமென்று நம்புகிறேன்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அப்பா சொன்னதுதான் சரி, நான் மறந்துபோய் மாறி எழுதிவிட்டேன் என்று அவள் சொல்லட்டும். பத்மநாதனோடு நான் பேசுகிறேன். அவர் எங்கள் ஆள், என்னை விட்டுக்கொடுக்க மாட்டார். லண்டனுக்கு வந்து விசாரிக்க அவர்களுக்கு வேறு வேலையில்லையா?

நான் செய்தது களவா, கொலையா? அந்த மனுசியே இந்த விதி நிலைக்காது என்றா என்று நீதானே எழுதினாய். நாளைக்குக் குப்பையில் போகப்போகிற விதிக்காக இன்றைக்கு ஒரு பிள்ளை தகப்பனைக் காட்டிக்கொடுக்க வேண்டுமா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்குகிறது ஒன்றுதான். கோயிலில் வாசகம் வாசிக்கிறவன் நான். ஊரில் கச்சேரியில் கிளாக்கராக இருந்த காலம் முழுவதும் என் கையெழுத்துக்கு ஒரு மதிப்பு இருந்தது. அதை என் மகளே வெள்ளைக்காரருக்கு முன்னால் பொய் என்று சொல்வாளாக இருந்தால், அவள் இந்த வீட்டுக்கு வரத் தேவையில்லை.

இதை அவளுக்குச் சொல்லு.

றெஜினோல்ட்

*

ஈஸ்ட் ஹாம்
பெரிய வெள்ளிக்கிழமை, 9.4.1993

அன்புள்ள மெற்றில்டாவுக்கு,

உன் பாடு எப்படி? மச்சானும் பிள்ளைகளும் சுகமா? ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கத்தரினின் விடுதிக்குப் போன் எடுத்தால் அவள் வெளியே போய்விட்டாள் என்று யாரோ ஒரு பிள்ளை சொல்கிறாள். ஒவ்வொரு முறையும் வெளியே போயிருக்கிறாள். உன் வீட்டுப் போனை எடுக்கிற உன் மகன், அம்மா ஷிப்டில் என்கிறான். எல்லோருமாகச் சேர்ந்து எனக்கு ஒளிக்கிறீர்களா?

மேரிறோஸ் என்னோடு தேவைக்குத்தான் பேசுகிறா. சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டுப் போகிறா. பிள்ளைக்குச் சொல்லச்சொல்லி உனக்கு எழுதினதைக் கேள்விப்பட்டபோது, "உங்கட கையெழுத்தை நீங்களே வைச்சுக்கொண்டிருங்கோ, எனக்கு என்ர பிள்ளை வேணும்" என்று சொன்னதுதான் கடைசியாகச் சொன்ன நீளமான வசனம்.

இன்று கோயிலில் பாடுகளின் வாசகத்தில் சேசுவைத் தெரியாதென்று இராயப்பர் மறுதலிக்கிற பகுதி என் பங்குக்கு வந்தது. வாசித்துக்கொண்டு போகையில் எங்கே நிற்கிறேன் என்று தவறிவிட்டது. பக்கத்தில் நின்றவர் விரலால் வரியைத் தொட்டுக் காட்டினார்.

சொல்லிவிட்டாளா, சொல்லவில்லையா? அதை மட்டும் எழுது. ஓடுகிறாளா என்றும் எழுது.

அண்ணன்

*

ஒஹாயோ
16.4.1993

அன்புள்ள அண்ணைக்கு,

பாஸ்கா வாழ்த்துகள். எங்கள் உடம்புகளுக்கு ஒன்றுமில்லை. மச்சாளை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

எழுதாமல் இருந்தது என் பிழைதான். எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழும்பிப் போனேன். உங்கள் மார்ச் மாதக் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டியிருக்கக்கூடாது. நீங்கள் சொல்லச் சொன்னீர்கள் என்பதற்காக ஒரு சொல் விடாமல் வாசித்தேன். அவள் அழவில்லை. "விளங்குது மாமி" என்றாள். அடுத்த கிழமை கல்லூரிக்குப் போய்ச் சொல்லிவிட்டாள்.

நானும் கூடப் போனேன். அறைக்குள் விடவில்லை, வாசலில் இருந்தேன். வெளியே வந்து என்ன சொன்னாள் என்று சொன்னாள். "அப்பா எழுதினது நடந்ததில்லை. நான் ஓடவேணும் எண்டுதான் எழுதினவர். தனக்காக அவர் ஒருநாளும் பொய் சொன்னதில்லை." இவ்வளவும்தான். கடைசி வசனத்தைச் சட்டத்தரணி எழுதிக்கொள்ளவில்லையாம். கேட்ட கேள்விக்கு அது தேவையில்லையாம். அதைச் சொல்லும்போதுதான் அழுதாள்.

புலமைப்பரிசில் தப்பிவிட்டது. சங்கிலியின் பெறுமதியை விடுமுறை நாட்களில் கல்லூரி நூலகத்தில் வேலை செய்து தர்மத்துக்குக் கொடுக்கிறாள். போன சனிக்கிழமை ஓடினாள். இரண்டாவதாக வந்தாள். நான் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. அவள் வந்து பக்கத்தில் இருந்து சப்பாத்தைக் கழற்றினாள். "அப்பாவுக்குச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். மற்றச் சப்பாத்தின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள்.

ஜூனில் விடுதி பூட்டுகிறார்கள். கோடைக்கு என்னோடு நிற்கலாமா என்று கேட்டிருக்கிறாள். நான் இன்னும் ஓம் என்று சொல்லவில்லை.

உங்கள் தங்கச்சி
மெற்றில்டா

*

ஈஸ்ட் ஹாம்
2.5.1993

அன்புள்ள மகள் கத்தரினுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மா சுகம். உன் சுகத்தை நான் மாமியிடம் கேட்டுத்தான் அறியவேண்டியிருக்கிறது. காலில் நோவு ஒன்றும் இல்லையே?

மாமியின் கடிதம் வந்து ஒரு கிழமைக்கு மேலாகிறது. எனக்கு நல்ல கோபம். நீ என்னைப் பற்றிப் பொய் சொல்லியிருந்தால், பிள்ளைதானே என்று அன்றைக்கே மறந்திருப்பேன். உண்மையைச் சொல்லிவிட்டாய். அதை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

போன ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது சவிரிமுத்து, "பிள்ளை ஓடுதோ?" என்று கேட்டான். ஓம் என்றேன். எப்படி விட்டார்கள் என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இருவரும் பஸ் வரும்வரை காலநிலையைப் பேசினோம். அவனையும் நான்தான் இதற்குள் இழுத்துவிட்டேன்.

இந்த விதி சரியா பிழையா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. சோடாக்காரனுக்கு ஒரு நியாயம், பத்மநாதனுக்கு ஒரு நியாயம் என்பதை நான் சாகும்வரை ஒத்துக்கொள்ள மாட்டேன். நாளைக்கு மாறும் என்கிறார்கள். மாறட்டும்.

ஆனால் நீ அங்கே சொன்ன ஒரு வசனத்தைத் திருத்த வேண்டும். தனக்காக அப்பா ஒருநாளும் பொய் சொன்னதில்லை என்று சொன்னாயாம். அந்த மனுசி அதை எழுதாமல் விட்டது நல்லது. அந்தச் சத்தியக் கடதாசி எனக்காகத்தான், மகள். பெற்றோல் ஷெட்டில், கோயில் வாசலில், ஹை ஸ்ட்ரீட்டில், போகிற இடமெல்லாம் 'என்ர மகள் அமெரிக்காவில ஓடுறா' என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தப் பேச்சு நின்றுபோய்விடும் என்று பயந்துதான் ஒப்பமிட்டேன். நீ ஓடாவிட்டால் என்ன ஆவாய் என்று அப்போது நான் நினைக்கவேயில்லை.

மாமி வீட்டில் நிற்பது பற்றிக் கேட்டாயாம். மாமி ஓம் என்று சொல்லமாட்டா, சொல்ல வேண்டாமென்று நான் அவவுக்கு எழுதிவிட்டேன்.

எனக்குக் கோபம் தீரவில்லை. எப்போது தீரும் என்றும் தெரியாது. கோபத்தோடேயே ஹீத்ரோவில் வந்து நிற்பேன். நீ வா.

அப்பா